எடை குறையக் குறையக் கைதட்டினோம்

போன வாரம் ஒரு போன் வந்தது. பேசியவள் என்னிடம் கபடி பழகியவள். இப்போது காங்கேயம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, குரலில் அவ்வளவு அவசரம்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? ஒண்ணு கேக்கோணுங்க. என்ற டீம்ல ஒரு புள்ள எடைக் கணக்குக்கு ரெண்டு கிலோ கூட இருக்கறா. நாலு நாள்ல குறைக்கோணும். அப்பல்லாம் நீங்க எப்படிக் குறைச்சீங்க?"

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். முப்பத்து மூன்று வருடம் மைதானத்தில் நின்றவளுக்கு உட்கார்ந்தபடி கத்த வராது. "எடையையும் குறைக்காதே, போனையும் வைக்காதே!" என்று ஒரு சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அதன் பிறகு அவளிடம் ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் அவள், "இதையெல்லாம் எழுதிக் குடுங்க டீச்சர், எங்க வாட்ஸ்அப் குரூப்புல போடறேன்" என்றாள். வாட்ஸ்அப்புக்கு இது ரொம்ப நீளம். பரவாயில்லை, ஓடியாடும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படிக்கட்டும்.

என் பெயர் ராஜாமணி. சொந்த ஊர் சோமனூர். எங்கள் வீட்டில் தறியும் உண்டு, முருகன் படமும் உண்டு, இரண்டுக்கும் ஒரே அறைதான். கபடி ஆடிய காலோடு உடற்கல்விக் கல்லூரிக்குப் போனேன். அங்கே எலும்புகளின் பெயரையும் மைதானத்தின் அளவையும் விசில் ஊதும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், ஏன் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று ஒரு வகுப்புகூட நடந்ததாக ஞாபகம் இல்லை. வேலை கிடைத்து, இரண்டு ஊர் மாறி, கடைசிப் பதினான்கு வருடம் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். நான் செய்த தப்புக்குப் பள்ளி என்ன செய்யும்?

என் தலைமையாசிரியையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எஸ்தர் டீச்சர். ஆள் குள்ளம், குரல் அதைவிடக் குள்ளம். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து நான் கூப்பிட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் பேசினால் எதிரில் உட்கார்ந்திருப்பவரே குனிந்து கேட்க வேண்டும். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் போய் எதைச் சொன்னாலும், நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, முழுதாகக் கேட்பார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். பிறகு, "இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா" என்பார். முதல் தடவை நாம் நம்முடைய ஆத்திரத்தையோ பெருமையையோ சொல்லியிருப்போம். இரண்டாவது தடவை சொல்லும்போதுதான் நடந்தது வெளியே வரும். ஆரம்பத்தில் எனக்கு இது பயங்கர எரிச்சல். எவ்வளவு உற்சாகமாக ஓடிப்போனாலும் இந்த அம்மா தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுகிறாரே என்று பொருமுவேன். பிறகு எனக்கே அது தேவைப்பட்டது.

அவர் போட்ட இன்னொரு சட்டம் மதியச் சாப்பாடு. சத்துணவை ஆசிரியர் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். பாதிப் பேர் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் பள்ளியில் அது செல்லாது. அன்றைக்கு மேற்பார்வை யாருக்கோ அவர் தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வரிசையில் தரையில் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட வேண்டும். நான் அதில் நழுவிக்கொண்டே இருந்தேன். மதியம் எனக்குப் பயிற்சி நேரம், கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும் என்று காரணம் சொல்வேன்.

இனி என் தப்பு.

பெண்கள் கபடியில் எடைப் பிரிவு உண்டு. அந்த வருடம் நாங்கள் போகவிருந்த போட்டியில் நாற்பத்தெட்டு கிலோவுக்கு மேல் ஒருத்தியும் இருக்கக் கூடாது. எடை பார்ப்பதை நான் ஒரு சடங்காகவே வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை, வெறும் வயிறு, செருப்பு இல்லை. மெஷின் ஆடாமல் இருக்க அடியில் சமமான கல். ஒருத்தி ஏறுவாள், நான் எண்ணைச் சத்தமாகப் படிப்பேன். போன வாரத்தைவிடக் குறைந்திருந்தால் மொத்த டீமும் கைதட்ட வேண்டும். குறையாதவளுக்குக் கைதட்டல் கிடையாது, மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு. நானே கண்டுபிடித்த வழி இது. மற்ற பள்ளி ஆசிரியைகள் கேட்டுப் போனார்கள் என்று பெருமை வேறு.

அதற்கும் மேலே ஒன்று செய்தேன். திருப்பூர்க்காரர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும். டீமில் ஒருத்தி தரணி. பத்தாம் வகுப்பு. அவளுடைய அப்பா பழனிச்சாமி ஒரு சாயப்பட்டறையில் ஸ்டென்டர் மெஷின் ஓட்டுபவர். ஈரத் துணி ஒரு பக்கம் உள்ளே போகும், சூடு பட்டுக் காய்ந்து மறுபக்கம் வரும். அந்த மெஷின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் சட்டையைப் பிழியலாம். போட்டி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீமையே அங்கே கூட்டிப்போய்விட்டேன். ஒவ்வொருத்திக்கும் ஏற்றுமதியில் மிஞ்சிய சர்ப்ளஸ் சரக்கில் வாங்கிய கம்பளிப் பனியன் ஒன்று. வெளிநாட்டுப் பனிக்காகத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு மெஷின் ஓரத்தில் நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். வேர்வை கொட்டும், ஒரு கிலோ போகும். போனது வெறும் தண்ணீர், இரண்டு செம்பு குடித்தால் திரும்ப வந்துவிடும். உடற்கல்வி படித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். கோப்பை கண்ணை மறைத்தது.

தரணி எங்கள் முதல் ரைடர். உயரமான பெண், கால் நீளம், கோட்டைத் தாண்டினாள் என்றால் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். ஆனி மாதம் ஐம்பதரை கிலோ இருந்தாள். "ரெண்டரை கிலோ குறை, உன்னைக் கேப்டன் ஆக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆடி பாதியில் நாற்பத்தெட்டைத் தொட்டாள். என்ன கைதட்டல்! நான் விசிலையே ஊதினேன். அடுத்த திங்கள் நாற்பத்தேழு. கைதட்டல். அதற்கடுத்து நாற்பத்தாறு. அதற்கும், அதற்குப் பிறகு இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் கைதட்டினோம். நாற்பத்தெட்டு போதும் என்கிறபோது எதற்கு நாற்பத்தாறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் கையிருப்பு இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

ஆடி மாதம் எங்கள் பக்கம் காற்று பேயாட்டம் ஆடும். தரணி சீருடைக்குள் ஒரு பனியன், அதற்குள் இன்னொன்று, மேலே முழுக்கை ஜெர்சி என்று வந்தாள். திருப்பூரில் வீட்டுக்கு வீடு சர்ப்ளஸ் பனியன் கிடக்கும், யார் எத்தனை போட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டோம். ஆவணி வந்தது, காற்று நின்றது. அவள் பனியனைக் கழற்றவில்லை. நான் அதையும் பார்த்தேன். எடை குறைப்பதில் என்ன ஈடுபாடு என்று சந்தோஷம்தான் பட்டேன்.

இளநிலை ஆசிரியைகளே, அடுத்து நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். மாதம் ஒரு முறை நான் டீமுக்கு நாடி பார்ப்பேன். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, முப்பது நொடி எண்ணி இரட்டிப்பாக்க வேண்டும். கட்டை விரலை வைக்கக் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு. இந்த வயசுப் பெண்களுக்கு எழுபது, எண்பது வரும். நன்றாகப் பழகியவர்களுக்கு அறுபது வரும். புரட்டாசி முதல் வாரம் தரணிக்கு எண்ணினேன். இருபத்திரண்டு. நாற்பத்து நான்கு! மறுபடி எண்ணினேன், அதே நாற்பத்து நான்கு!

எனக்குத் தலைகால் புரியவில்லை. நெடுந்தூரம் ஓடும் பெரிய வீரர்களுக்குத்தான் இப்படி மெதுவாகத் துடிக்கும் என்று படித்திருக்கிறேன். என் கையில் அப்படி ஓர் இதயம்! நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு ஓடினேன்.

"டீச்சர்! நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு ஸ்டேட் பிளேயர் கிடைச்சாச்சுங்க! தரணிக்குத் துடிப்பு நாப்பத்தி நாலு!"

எஸ்தர் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"உட்காருங்க ராஜாமணி. இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "மர நிழல்ல அஞ்சு நிமிசம் உட்கார வெச்சனுங்க. கையைப் புடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு. துடிப்பு சட்டுனு கிடைக்கலீங்க, கொஞ்சம் தேடித்தான் புடிச்சேன்."

"கை சில்லுன்னா இருந்துச்சு?"

"ஆமாங்க."

"அப்ப மணி என்ன?"

"பன்னெண்டு இருக்குமுங்க."

சொல்லிவிட்டு நானே நிறுத்திவிட்டேன். புரட்டாசி வெயில், பன்னிரண்டு மணி, மூன்று பனியன், சில்லென்ற கை. நல்ல இதயம் மெதுவாகத் துடித்தாலும் பலமாகத் துடிக்கும். இதை நான் தேடித்தான் பிடித்தேன். எஸ்தர் டீச்சர் என்னைத் திட்டவில்லை. "எனக்கும் என்னான்னு தெரியலீங்க. ஒரு வாரம் மதியச் சாப்பாடு மேற்பார்வை நீங்க பாருங்க. அந்தப் புள்ள பக்கத்துல உட்காருங்க. ஒண்ணும் கேக்க வேண்டாம், பாத்தாப் போதும்" என்றார்.

மறுநாள் தட்டோடு போய் உட்கார்ந்தேன். அன்றைக்குத் தக்காளி சாதமும் முட்டையும். தரணி உட்காரவே இல்லை. எல்லோருக்கும் ஓடி ஓடிப் பரிமாறினாள், "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கடி" என்று தோழிகளை உபசரித்தாள். எவ்வளவு நல்ல பெண் என்று சமையல் அம்மா என்னிடம் மெச்சினார். கடைசியில் உட்கார்ந்தாள். முட்டையைப் பக்கத்துப் பெண்ணின் தட்டில் வைத்தாள். சாதத்தைத் தட்டின் ஓரம் வரை பரத்தினாள். பரத்தினால் பாதி சாப்பிட்ட மாதிரி தெரியும். ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினாள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து போய்த் தட்டைக் கழுவிவிட்டாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டு வாய்கூட உள்ளே போகவில்லை.

"முட்டை வேண்டாமா கண்ணு?" என்று மூன்றாம் நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"இன்னிக்குக் கிருத்திகை விரதமுங்க டீச்சர்" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள்.

யாரிடம்? சோமனூர் முருகன் வீட்டுப் பிள்ளையிடம்! கிருத்திகை போன வாரமே முடிந்துவிட்டது. எனக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆடிச் செவ்வாய் விரதம் என்றாள், ஆடி வெள்ளி என்றாள், சஷ்டி என்றாள், புரட்டாசிச் சனி என்றாள். எங்கள் ஊரில் விரதம் இருக்கும் பெண்ணை யாரும் கேள்வி கேட்க மாட்டோம், கையெடுத்துத்தான் கும்பிடுவோம். அதற்குப் பின்னால் போய் அவள் நின்றுகொண்டாள். அன்று மாலை என் அலமாரியில் நாப்கின் கொடுக்கும் நோட்டைப் புரட்டினேன். மாதா மாதம் என் கையால்தான் பாக்கெட் கொடுப்பேன். மூன்று மாதமாகத் தரணி தன் பாக்கெட்டைத் தோழிக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். நான் சரி என்று எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரித்தது.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நான் பேசினால் அது பேச்சாக இருக்காது என்று எஸ்தர் டீச்சருக்குத் தெரியும். போகும் முன் சொல்லி அனுப்பினார்: "திட்டாதீங்க. எடையைப் பத்திப் பேசாதீங்க. ஒல்லியா இருக்கறன்னு சொல்லாதீங்க, அது அவளுக்குப் பாராட்டாக்கூட இருக்கலாம். நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க. அப்பறம் சும்மா இருங்க." சும்மா இருப்பது! எனக்கு!

விளையாட்டுச் சாமான் அறையில் பந்துக் கூடைமேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். "உன் கை சில்லுன்னு இருக்குது. மூணு நாளா உன் பக்கத்துல உட்கார்ந்து பாத்தேன், நீ சாப்புடலை. எனக்குப் பயமா இருக்குது தரணி" என்றேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது கிடையாது.

"நல்லாத்தானுங்க இருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள். நான் அசையவில்லை. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொதல்ல நாப்பத்தெட்டு வந்தாப் போதும்னுதானுங்க நெனச்சேன். எல்லாரும் கைதட்டுனீங்க. நல்லா இருந்துச்சு. எங்கூட்ல எனக்காக யாரும் கைதட்டுனதே இல்லீங்க டீச்சர். அப்பறம் நிறுத்தலாம்னு பாத்தேன். நிறுத்த முடியலீங்க. சோத்தைப் பாத்தாப் பயமா இருக்குது. ஒரு வாய் கூடத் தின்னுட்டா அன்னிக்குப் பூரா ஏதோ தப்புப் பண்ணிப்போட்ட மாதிரியே இருக்குதுங்க. ஊட்டுல எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி மொட்டை மாடில ஓடறேன்."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. திமிர், அடம், வயசுக் கொழுப்பு என்று நான் என்னென்னமோ நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு இருந்தது பயம். தட்டில் இருக்கும் ஒரு கரண்டிச் சாதத்தின் மேல் பயம்.

அன்று சாயங்காலமே எஸ்தர் டீச்சரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். அம்மா செல்வி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சர், சாமிக்கு விரதம் இருக்கறது ஒரு சீக்குங்களா? இந்த வயசுல எந்தப் புள்ள இருக்கும்? எங்க சொந்தத்துல எல்லாரும் எம்புள்ளையத்தான் சொல்றாங்க. பத்தாங்கிளாஸ் பரிச்சைக்கு வேண்டிக்கிட்டு இருக்கறா."

"அம்மணிக்கு ரத்தம் கம்மியா இருக்கும், பேரிச்சம்பழம் வாங்கிக் குடுத்தாச் சரியாப் போகும்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா, கேட்காமலேயே.

நான் சத்தம் போட வாயைத் திறந்தேன். எஸ்தர் டீச்சர் என் முழங்கையைத் தொட்டார். அதுவரை சுவரோரமாக நின்றிருந்த பழனிச்சாமிதான் பேசினார்.

"டீச்சர், அன்னிக்குப் பட்டறைக்கு எல்லாப் புள்ளைகளையும் கூட்டிட்டு வந்தீங்கள்ல? எல்லாப் புள்ளைகளும் வேர்த்துக் கொட்டிட்டு நின்னுச்சு. ஸ்டென்டர் பக்கத்துல நிக்கறமே, எங்களுக்கே தாங்காது. எம்புள்ள எங்கிட்ட வந்து, 'அப்பா, குளுருது'ன்னா. நான் விளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேனுங்க."

கண்ணில் தண்ணீர் நிற்க அவர் தன் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்டென்டர் பக்கத்துல நின்னு குளுருதுன்னா அது விரதமில்ல செல்வி. வா, ஆசுபத்திரிக்குப் போலாம்."

மறுநாள் காலை கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அந்த டாக்டர் அம்மா எடை பார்க்கும்போது தரணியைத் திரும்பி நிற்கச் சொன்னார், எண் அவள் கண்ணில் படக்கூடாது என்று. யாரும் சத்தமாகப் படிக்கவும் இல்லை. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நாற்பது கிலோ சொச்சம். படுத்தபடி இரத்த அழுத்தம், எழுந்து நின்று இன்னொரு தடவை. இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை. கையில் பூனை முடி மாதிரி மெல்லிய ரோமம் முளைத்திருந்ததைக் காட்டினார். உடம்பு குளிருக்குப் போர்வை தேடுகிறது என்றார். சாப்பாடு கிடைக்காமல் உடம்பு ஒவ்வொரு விளக்காக அணைத்துச் சிக்கனம் பிடிக்கிறது. மாதவிலக்கு நின்றதும், கை சில்லிட்டதும், துடிப்பு குறைந்ததும் அதனால்தான். நான் பெரிய வீராங்கனையின் இதயம் என்று கொண்டாடியது நின்றுபோகப் பார்த்த இதயம். இன்னும் சில வாரம் ஓடவிட்டிருந்தால் மைதானத்திலேயே விழுந்திருப்பாள் என்றார்.

உடனே சேர்த்துக்கொண்டார்கள். செல்வி ஒரு தூக்கு நிறைய சோறு கொண்டுவந்திருந்தார். டாக்டர் தடுத்துவிட்டார். காய்ந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாடு போட்டால் அதுவே ஆபத்தாம். கொஞ்சம் கொஞ்சமாக, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கூட்ட வேண்டுமாம். மனநல மருத்துவரும் வந்து பேசினார். "பைத்தியம்னு சொல்றீங்களா?" என்று பழனிச்சாமி கேட்டார். "இல்லீங்க. இது ஒரு நோய், அவ பிடிச்சு வெச்சிருக்கற பிடிவாதம் இல்லை. நோயைத் திட்டுங்க, பிள்ளையைத் திட்டாதீங்க" என்றார் அவர்.

வராந்தாவில் நான் டாக்டரிடம் கேட்டே விட்டேன். "இது என்னால வந்ததுங்களா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "உங்களால மட்டும் வராது. உங்க டீம்ல பன்னெண்டு பேர் எடை குறைச்சாங்க, ஒருத்திக்குத்தான் வந்துச்சு. அவ சுபாவம், உடம்பு, பயம், செல்போன்ல பாக்கற படங்கள் எல்லாம் சேந்து வர்றது. ஆனா தீப்பெட்டியை நீங்க குடுக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன்." அந்தப் பதிலுக்காக அவருக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். பொய்யாக ஆறுதல் சொல்லியிருந்தால் நான் மாறியிருக்க மாட்டேன்.

போட்டிக்குத் தரணி இல்லாமல் போனோம். அரையிறுதியில் தோற்றோம். ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவளுக்கு நான் அப்போது விரோதி. இருந்துவிட்டுப் போகிறேன் என்று தினமும் போனேன். திங்கட்கிழமை எடைச் சடங்கை அந்த வாரமே மூட்டை கட்டினேன். எடைப் பிரிவுப் போட்டிக்கு அதன்பிறகு அவரவருக்கு இருந்த எடையோடுதான் போனோம். ஒருத்திக்குக் கூடினால் அவளை மேல் பிரிவில் ஆட வைத்தேன்.

காங்கேயத்துப் பெண்ணுக்கும் இதைத்தான் சொன்னேன். ஒல்லியாக இருப்பவளை மட்டும் பார்க்காதே. பருமனாக இருக்கும் பிள்ளைக்கும் இது வரும், ஆண் பிள்ளைக்கும் வரும். ஜிம்முக்குப் போய் வெறும் முட்டை வெள்ளைக்கருவைத் தின்றுகொண்டிருக்கும் பையனையும் பார். சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்கு ஓடுகிறவளையும், வாந்தி எடுத்து எடுத்து விரல் முட்டியில் பல் பட்ட தழும்பு இருப்பவளையும் பார். கூட்டத்தோடு சாப்பிட வராமல் புதுப் புதுக் காரணம் சொல்கிறவர்களைப் பார். அதைவிட முக்கியம், பிள்ளைகளின் உடம்பைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ வாயே திறக்காதே. ஆட்டத்தைப் பற்றிப் பேசு, ஓடின ஓட்டத்தைப் பற்றிப் பேசு. சந்தேகம் வந்தால் நீயே வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் அனுப்பு.

தரணி வீட்டுக்கு வந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்தது எளிது, செய்வது மலை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று சிறு தீனி. என்ன, எவ்வளவு என்பது அப்பா அம்மா முடிவு, தரணி முடிவு இல்லை. கெஞ்சவும் கூடாது, மிரட்டவும் கூடாது, அவள் முடிக்கும் வரை கூடவே உட்கார்ந்து வீட்டார் எல்லோரும் சாப்பிட வேண்டும். நாலு இட்லிக்கு ஒன்றரை மணி நேரம் ஆன நாட்கள் உண்டு. தட்டைத் தட்டிவிட்டாள், கத்தினாள், "என்னைக் குண்டாக்கப் பாக்கறீங்க" என்று அழுதாள். பழனிச்சாமி ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் கந்த சஷ்டி வந்தது. செல்விக்கு இருபது வருட விரதம். ஆறு நாள் பாலும் பழமும்தான், பிள்ளை பிறந்த வருடம்கூட விட்டதில்லை. தரணி அதைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா இருக்கறாங்கள்ல, நானும் இருப்பேன். சாமி காரியத்தைத் தடுக்காதீங்க" என்றாள். முதல் நாள் காலை நான் அங்கே போனபோது செல்வி பூஜை அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். காப்புக் கட்டத் தயாராக மஞ்சள் கயிறு கையில் இருந்தது.

"என்ன பண்றதுன்னு தெரியலீங்க டீச்சர். நான் இருந்தா அவளும் இருப்பா. நான் விட்டா முருகன் என்ன நெனப்பாரோ."

அந்தப் பயம் எனக்கும் தெரியும். நானும் முருகன் வீட்டுப் பிள்ளைதானே. செல்வி முருகன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கயிற்றைச் சாமி காலடியில் வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். தோசைக் கல்லை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டில் தோசை கொண்டுவந்தார். மகளுக்கு முன்னால் உட்கார்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். கண்ணீர் வழிய வழிய மென்றார். ஆறு நாளும் அப்படித்தான் சாப்பிட்டார். தரணி தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கத்தவில்லை, தட்டைத் தள்ளவும் இல்லை. ஒரு மணி நேரம் ஆனது, ஆனால் தின்றாள்.

அதற்காக மறுநாளே குணமாகிவிடவில்லை. கார்த்திகையில் ஒரு முறை சறுக்கினாள், மறுபடி நான்கு நாள் ஆஸ்பத்திரி. மார்கழியில் பள்ளிக்கு வர ஆரம்பித்தாள். மணி பார்த்துச் சாப்பிடுவாள். மருந்து குடிப்பவர்கள் முகம் மாதிரி இருக்கும். டாக்டர் சொல்லியிருந்தார், இப்போதைக்குச் சாப்பாடுதான் மருந்து, பசி கடைசியில்தான் திரும்பி வரும், சிலருக்கு ரொம்ப நாள் ஆகும் என்று.

தை மாதம். பதினொரு மணி இருக்கும். மைதானத்தில் நான் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தரணி வகுப்பிலிருந்து எழுந்து வந்திருந்தாள். அவள் என்னோடு பேசி மூன்று மாதம் இருக்கும். பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர்."

"என்ன கண்ணு? கணக்கு டீச்சர் வெளிய அனுப்பிட்டாங்களா?"

"இல்லீங்க." கொஞ்சம் கூச்சமாக வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "சத்தம் போடுதுங்க. எனக்குப் பசிக்குது டீச்சர்."

சுண்ணாம்பு டப்பா கை நழுவி விழுந்தது. நான் ஓடினேன். ஐம்பத்தைந்து வயசில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த பேக்கரிக்கு ஓடினேன். "பன்னு குடு! தேங்காய் பன்னு! சீக்கிரம்!" என்று நான் போட்ட சத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். "யாருக்கு என்ன ஆச்சுங்க?" என்று கடைக்காரர் பதறினார்.

"எம்புள்ளைக்குப் பசிக்குதாமா!" என்றேன்.